ஸ்பிட்டியா, ஜான்ஸ்கரா, பாங்கியா? உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இமயமலையின் உட்பள்ளத்தாக்குகளில் தானே வண்டி ஓட்டிச் செல்ல விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கணவாய் அதிக உயரம் என்பதைத்தான். அந்த அளவுகோலின்படி வரிசை மிக எளிது: ஜான்ஸ்கருக்குள் இறங்கும் ஷின்கு லா 5,091 மீட்டர், ஸ்பிட்டியின் மேற்கு வாசலான குன்சும் 4,551 மீட்டர், பாங்கிக்குப் போகும் சாச் கணவாய் 4,420 மீட்டர். இதைப் பார்த்து ஜான்ஸ்கர்தான் கடினம், பாங்கி எளிது என்று முடிவு கட்டுகிறவர் ஏமாந்து போவார். கணவாயில் நாம் நிற்பது அரை மணி நேரம். அன்றிரவு தங்கும் ஊரிலோ பத்து மணி நேரம் இருக்கிறோம். ஆகவே இந்த மூன்று பள்ளத்தாக்குகளையும் நான் வேறு இரண்டு கேள்விகளை வைத்தே எடை போடுகிறேன். ஒவ்வோர் இரவும் எவ்வளவு உயரத்தில் தூங்கப் போகிறோம்? முன்னால் வழி அடைபட்டால் எந்த வழியாகத் திரும்பப் போகிறோம்?

மூன்றும் வரைபடத்தில் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டத்தின் கிழக்குப் பாதி ஸ்பிட்டி. அதன் தலைமையிடம் காஜா. லாஹௌலுக்கு வடக்கே, லடாக்கின் தென்மேற்கில் பதும் என்ற ஊரை மையமாகக் கொண்டு கிடப்பது ஜான்ஸ்கர். லாஹௌலிலிருந்து சந்திரபாகா நதியோடு வடமேற்கே இறங்கினால் வருவது சம்பா மாவட்டத்தின் பாங்கி. அதன் தலைமையிடம் கில்லார். ஒன்பது பத்து நாள் விடுப்பில் இவற்றில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். ஒரே மூச்சில் இரண்டைச் சேர்த்துத் திட்டமிடும் பயணங்களில் கடைசி மூன்று நாட்கள் வெறும் ஓட்டமாகவே கழிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்பிட்டியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் முதன்முறை செல்கிறவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். அங்கே செல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகக் கோக்சர், கிராம்ஃபு, படால், குன்சும், லோசர் என்று காஜாவை அடைவது ஒன்று. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது முதல் ரோதாங் கணவாயில் ஏறவேண்டிய கட்டாயமும், அதற்கான அனுமதிச் சீட்டுக்கு அலையும் வேலையும் இல்லாமல் போயின. விடியற்காலையில் புறப்பட்டால் அன்றே காஜாவில் இருக்கலாம். மற்றது சிம்லாவிலிருந்து கின்னவுர் வழியாக, சட்லஜ் நதியைத் தொடர்ந்து கப் என்னும் இடத்தில் ஸ்பிட்டி நதி அதனோடு கலப்பதைப் பார்த்து, நாக்கோ, தாபோ என்று சுற்றி வருவது. இதற்கு நான்கு நாட்கள் ஆகும். நான்கு நாளா, ஒரே நாளா என்று கேட்டால் யாரும் மணாலியைத்தான் சொல்வார்கள். அந்த இடத்தில்தான் பிழை தொடங்குகிறது.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஜா ஏறக்குறைய 3,700. ஒரே பகலில் 1,650 மீட்டர் உயர்ந்து, இடையில் 4,551 மீட்டரையும் தொட்டு வந்து உறங்குகிறோம். உயர்மலை நோய் தாக்காமலிருக்க, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. மணாலி வழியாகப் போகிறவர்களில் பலர் காஜாவுக்கும் போகாமல், முதல் இரவையே சந்திரதால் ஏரிக்கருகில் கூடாரத்தில் கழிக்கிறார்கள். அந்த ஏரி இருப்பது ஏறக்குறைய 4,250 மீட்டரில். ஒரு முறை எங்கள் குழு அப்படித்தான் செய்தது. நன்றாக வண்டி ஓட்டி வந்த நண்பர் மாலை ஆறு மணிக்குத் தேநீர்க் குவளையைக் கையில் வாங்கிக்கொண்டு அதை அப்படியே கீழே வைத்தார். எட்டு மணிக்குத் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். இருட்டில் அந்தச் சாலையில் இறக்கிக் கொண்டுபோகவும் முடியாது, அங்கேயே வைத்திருக்கவும் பயம். விடிந்ததும் கீழே இறக்கினோம், மதியத்துக்குள் சரியானார். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் நான் கற்றது, இறங்க வழியில்லாத இடத்தில் முதல் இரவைக் கழிக்கக் கூடாது என்பதுதான்.

சிம்லா வழியின் உயரக் கணக்கு இதற்கு நேர்மாறானது. நார்கண்டா 2,700 மீட்டர், கல்பா 2,960, தாபோ 3,280, காஜா 3,700 என்று படிக்கட்டுபோல் ஏறுகிறது. இதில் ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்துகொள்ள வேண்டும். கல்பாவுக்கு அடுத்த இரவை நாக்கோவில் கழிப்பது பலருக்கும் வழக்கம். ஏரியும் ஊரும் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நாக்கோ 3,660 மீட்டரில், ஏறத்தாழ காஜாவின் உயரத்திலேயே இருக்கிறது. அங்கே மதிய உணவை முடித்துக்கொண்டு தாபோவுக்கு இறங்கி உறங்கினால், பகலில் உயரம் பழகியதாகவும் இருக்கும், இரவில் உடல் ஓய்ந்ததாகவும் இருக்கும். மறுநாள் காலையில் 996-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தின் மண்சுவர்க் கூடங்களை அவசரமில்லாமல் பார்க்கலாம். காஜாவில் இரண்டு இரவுகள் தங்கி, பகல்களில் 4,400 மீட்டரில் அஞ்சல் நிலையம் இருக்கும் ஹிக்கிம், அதற்கும் மேலேயுள்ள கோமிக் ஆகிய ஊர்களுக்கு ஏறி இறங்கிய பிறகு சந்திரதாலில் தங்கினால், அதே ஏரிக்கரை இரவு யாருக்கும் பெரிதாகத் தெரியாது. இடம் ஒன்றுதான், அது முதல் இரவாக இருக்கிறதா, கடைசி இரவாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கின்னவுர்ப் பக்கத்துக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் அந்த மலைகள் நிலையாக நிற்பதில்லை. 2021 ஜூலையில் பட்சேரியில் உருண்ட பாறைகள் சுற்றுலா வாகனம் ஒன்றின் மேல் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சரியில் மலைச்சரிவு ஒரு பேருந்தையும் மற்ற வாகனங்களையும் மூடி 28 உயிர்களைக் கொண்டுபோனது. ஸ்பிட்டி மழைமறைவுப் பகுதி, அங்கே மழை பெய்யாது என்று சொல்லி ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் புறப்படுகிறவர்கள், அந்த மழைமறைவுப் பகுதியை அடைய மழைப் பகுதியைக் கடந்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேலும், மழைமறைவு என்பதே முழு உத்தரவாதம் அல்ல: 2023 ஜூலையில் பெய்த பனியில் சந்திரதால் கூடாரங்களில் முந்நூறு பேரளவில் சிக்கி, மீட்புக் குழு வழி திறக்கும்வரை காத்திருந்தார்கள். என் தேர்வு செப்டம்பர் மாதத்தின் முதல் மூன்று வாரங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் நீர் வற்றியிருக்கும், குன்சும் இன்னும் மூடியிருக்காது.

ஓடை என்று சொன்னேன். அங்கே எல்லோரும் நாலா என்றே சொல்கிறார்கள். படாலுக்கும் கிராம்ஃபுவுக்கும் இடையில், சோட்டா தாரா, சத்ரு ஆகிய இடங்களை ஒட்டி, பனியாறுகளிலிருந்து உருகிவரும் நாலாக்கள் சாலையின் குறுக்கே ஓடுகின்றன. இரவில் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் தண்ணீர் கணுக்காலளவு இருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகல் மூன்று மணிக்கு அதே நாலா முழங்காலைத் தொடும், நிறமும் சாம்பலாக மாறி அடியிலுள்ள கற்களை மறைத்துவிடும். ஒரு முறை காலை எட்டரைக்கு நாங்கள் டயரின் பாதிகூட நனையாமல் கடந்த நாலாவில், எதிர்ப்பக்கமிருந்து மாலையில் வந்த கார் ஒன்றின் முன்பம்பர் கழன்று மிதந்ததை மறுநாள் படமாகப் பார்த்தேன். சந்திரதாலில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிறவர் இந்த நாலாக்களை ஒன்பது மணிக்குள் கடந்துவிடலாம். சிம்லா வழியாக நுழைந்து மணாலி வழியாக வெளியேறுவதற்கு இது இன்னொரு காரணம். கடக்கும் முன் ஒருவர் செருப்போடு இறங்கி நடந்து பார்ப்பதும், முதல் கியரில் ஒரே சீராகப் போவதும், நடுவில் கிளட்ச்சை மிதிக்காமல் இருப்பதும், கரையேறியபின் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி உலர்த்துவதும் ஓட்டுநருக்குக் கைப்பழக்கமாகிவிட வேண்டியவை. சாலையை அகலப்படுத்தும் பணி நடந்துகொண்டே இருப்பதால், சென்ற ஆண்டில் போய்வந்தவர் சொல்லும் குறிப்பு இந்த ஆண்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

ஜான்ஸ்கருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமே இருந்திருக்காது. கார்கிலிலிருந்து சுரு பள்ளத்தாக்கு வழியாக, 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லாவைக் கடந்து பதும் வரை ஒரு சாலை. வந்த வழியே திரும்ப வேண்டும். எல்லைச் சாலைகள் நிறுவனம் 298 கிலோமீட்டர் நீளமுள்ள நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை 2024 மார்ச்சில் இணைத்து முடித்தபிறகு பதும் ஒரு முச்சந்தியாகிவிட்டது: வடமேற்கே கார்கில், வடகிழக்கே ஜான்ஸ்கர் நதியின் செங்குத்துப் பிளவு வழியாக லே நெடுஞ்சாலையிலுள்ள நிம்மு, தெற்கே ஷின்கு லாவைத் தாண்டி லாஹௌலின் தார்ச்சா. திரும்பும் வழி என்ற என் இரண்டாவது கேள்விக்கு இன்றைய நிலையில் மிக நல்ல விடை தருவது ஜான்ஸ்கர்தான் என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. ஸ்பிட்டிக்கு இரண்டு வாசல்கள், இதற்கு மூன்று.

ஆனால் வாசல்களுக்கு இடையிலுள்ள தூரம் வேறு கதை. ஷின்கு லாவின் இருபுறமும் நீண்ட தொலைவுக்கு நிலையான ஊர் கிடையாது. கணவாயின் வடக்குப் பக்கம் இறங்கியதும் கோன்போ ரங்ஜோன் என்னும் ஒற்றைப் பாறைமலை தெரியும், அதற்கும் அப்பால்தான் முதல் கிராமம். அங்கே வண்டி நின்றுபோனால் உதவி என்பது அடுத்து வருகிற வண்டிதான். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதியே. டர்போ இல்லாத பெட்ரோல் இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து விழுக்காடு வலுவிழக்கும் என்பதால், நான்கு பேரும் சாமான்களும் ஏறிய சிறிய கார் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்த கிளட்ச்சைத் தீய்க்க வேண்டியிருக்கும். ஸ்பிட்டிக்கு, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நல்ல இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) உள்ள டூ வீல் டிரைவ் காரே போதும் என்று சொல்லத் தயங்கமாட்டேன். ஜான்ஸ்கருக்கு டர்போ இயந்திரமும், முடிந்தால் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் உள்ள ஃபோர் வீல் டிரைவும் வேண்டும். ஷின்கு லாவுக்குக் கீழே சுரங்கப்பாதை அமைக்கும் பணி 2024 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அது முடிந்தபின் இந்தப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

திசைக் கணக்கு இங்கும் பொருந்தும். மணாலியிலிருந்து ஜிஸ்பாவில் 3,200 மீட்டரில் ஓரிரவு தங்கி மறுநாளே 5,091 மீட்டரைத் தாண்டுவதைவிட, ஸ்ரீநகரிலிருந்து (1,585) கார்கில் (2,676) வந்து, இரண்டாம் நாள் சுரு பள்ளத்தாக்கில் நுன், குன் சிகரங்களைப் பார்த்தபடி மெல்ல ஏறி, பதுமில் (சுமார் 3,650) மூன்று நாட்கள் இருந்து, கடைசியில் ஷின்கு லா வழியாக வெளியேறுவது உடலுக்கு நல்லது. உயரமான கணவாய் முதல் பரீட்சையாக இல்லாமல் கடைசிப் பரீட்சையாக அமையும். ஒரு நாளை புர்னேயில் ஒதுக்கினால், அங்கிருந்து நடந்துபோய், குகை வாயில் தேன்கூடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் புக்தல் மடாலயத்தைப் பார்த்துவரலாம். லடாக்கில் இரண்டு நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. பிற மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே உயிர்பெறாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும் வாடகை வண்டிகளை உள்ளூர் வாகனச் சங்கங்கள் தடுக்கும் என்பதால், தென்கோடியிலிருந்து விமானத்தில் போய் சண்டிகரில் செல்ஃப் டிரைவ் எடுக்க நினைக்கும் நம்மவர்களுக்கு ஜான்ஸ்கர் பெரும்பாலும் கைகூடாது, ஸ்பிட்டி கைகூடும். சிக்னல் கிடைக்காத இடத்துக்கென்று சாட்டிலைட் ஃபோனோ, அதைப் போன்ற செய்திக் கருவியோ வாங்கிப் போகலாம் என்ற யோசனை சிலருக்கு வருகிறது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

பாங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூங்கும் உயரம் அங்கே ஒரு பிரச்சினையே அல்ல. சாச் கணவாயைக் காலையில் தாண்டி, சுமார் 2,500 மீட்டரிலுள்ள கில்லாரில் இரவைக் கழிக்கிறோம். ஆபத்து முழுவதும் சாலையின் விளிம்பில் இருக்கிறது. பாறையைக் குடைந்து செதுக்கிய ஒரு வண்டி அகலத் தடம், தடுப்புச் சுவர் கிடையாது, கீழே நதி, சில இடங்களில் மேலிருந்து அருவி நேராக வண்டிக் கூரையில் விழும். கில்லாரிலிருந்து ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் செல்லும் பகுதி இன்னும் மோசம். எதிரே லாரி வந்தால் யாராவது பின்னால் போயாக வேண்டும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதியாக இருந்தாலும், அங்கே அகலமான இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர்தான் பின்வாங்குகிறார். ஆகவே இது ரிவர்ஸ் கியரில் எடுக்கும் தேர்வு. ஊரில் ஒரு குறுகிய சந்தில், கண்ணாடிகளை மட்டும் பார்த்து, முந்நூறு மீட்டர் நேராகப் பின்னால் ஓட்டிப் பாருங்கள். இருமுறை நிறுத்திச் சரிசெய்ய நேர்ந்தால் பாங்கியை இன்னும் ஓராண்டு தள்ளிப்போடலாம். பக்கத்து இருக்கையில் அமர்கிறவருக்கு உயரத்தைக் கண்டால் பயம் என்றால், எத்தனை ஆண்டு ஆனாலும் தள்ளிப்போடலாம்.

எந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தாலும் வண்டியில் நான் பார்ப்பது டயரைத்தான். கூரான கல் பக்கவாட்டில் கிழித்துவிட்டால் பஞ்சர் கிட் பயன்படாது. முழு அளவு ஸ்டெப்னி ஒன்று இருந்தே ஆக வேண்டும், ஜான்ஸ்கருக்கு இரண்டு. சமவெளியில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் 4,500 மீட்டரில் அதே வெப்பநிலையில் ஏறக்குறைய 39 காட்டும், ஏனெனில் வெளியழுத்தம் குறைந்துவிட்டது. குளிர் அதில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். கல் சாலையில் நுழையும் முன் காற்றை இறக்கி, தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்ற சிறிய கம்ப்ரஸர் ஒன்று வேண்டும். இன்னொன்று, இப்போதைய கார்களில் இழுவைக் கொக்கி பம்பரில் நிலையாக இருப்பதில்லை. ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கும் கொக்கியை எடுத்துத் திருகி மாட்ட வேண்டும். அது இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்து ஒரு முறை மாட்டிக் கழற்றுங்கள். நாலாவின் நடுவில், டிக்கியிலுள்ள எல்லாப் பைகளையும் இறக்கி அதைத் தேடுவது நல்ல அனுபவமல்ல.

உடம்பைப் பொறுத்தவரை, அசெட்டசோலமைட் மாத்திரை தேவையா என்பதை மருத்துவரிடம், குறிப்பாக சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், ஊரிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரை உயரம் பழகுவதை விரைவுபடுத்தும், பழகவேண்டிய நாட்களை இல்லாமலாக்கிவிடாது. ஒருவர் நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் உடனே இறங்கிவிட வேண்டும்.

முதன்முறையாகப் போகிறவர் என்னைக் கேட்டால் செப்டம்பரில் ஸ்பிட்டி, சிம்லா வழியாக உள்ளே, குன்சும் வழியாக வெளியே என்பேன். சொந்த வண்டியும் ஓரிரு ஸ்பிட்டிப் பயணமும் கைவசம் இருப்பவருக்கு ஜான்ஸ்கர். ஸ்பிட்டியைத் தேர்ந்தாலும் ஒரே ஒரு முடிவை மட்டும் வீட்டிலிருந்தே எடுக்க முடியாது: குன்சும் அன்று கடக்கக்கூடியதாக இருக்குமா என்பது. லோசர் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைப் பதிவுசெய்யும்போது, அந்தப் பக்கமிருந்து அன்று காலை வண்டி ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கின்னவுர் வழியாகவே திரும்ப வேண்டும். மலைச்சாலையில் லோ கியர் ஓட்டத்துக்கு ஒன்றரை மடங்கு எரிபொருள் போகும் என்பதால், காஜா பங்க்கில் அதற்கும் சேர்த்தே டேங்க்கை நிரப்பியிருக்க வேண்டும். சிம்லா போய்ச் சேர இரண்டு நாள் கூடுதலாகும். அந்த இரண்டு நாளையும் விடுப்பு விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.